சிட்டை எங்கன இருக்கு? டாக்குமெண்டேஷன் தளத்தைத் திருத்திக் கட்டுவது பற்றி

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். நாங்கள் நாலைந்து பேர் ஓய்வு நேரத்தில் எழுதிவரும் சரக்குக் கணக்கு மென்பொருளைத் தன் கடையில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். காசு கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று சொன்னேன். "சும்மா குடுக்குத சாமானுக்கு ரிப்பேர் யாருலே பாப்பாவ?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். எல்லாம் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறோம் என்று சமாளித்தேன். மறுநாள் போன் வந்தது.

"ஏ தம்பி, நீ சொன்ன எடத்துல போயிப் பாத்தேன். சிட்டை எங்கன இருக்கு?"

கடையில் அன்றாடக் கணக்கு எழுதும் ஏடுதான் சிட்டை. எங்கள் தளத்தில் அந்தச் சொல்லே கிடையாது. 'இன்வென்ட்ரி என்ட்ரி' (சரக்குப் பதிவு) என்று இருந்தது. இத்தனைக்கும் இரண்டு மாதம் முன்புதான் அந்தத் தளத்தைப் புதுசாக்கி இருந்தோம். புது நிறம், புது எழுத்துரு, இரவில் படிக்கக் கறுப்புப் பின்னணி, முகப்பில் அகலமாக ஒரு படம். வெள்ளையடித்திருந்தோம், வாசல் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தளத்தைப் புதுக்குவது என்றால் உண்மையில் என்ன வேலை என்பது அந்தப் போனுக்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிய ஆரம்பித்தது. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லாவில் ஆளில்லாத கடை

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் என்றால் கூப்பிட ஒரு போன் நம்பராவது இருக்கும். திறமூல மென்பொருளில் அது பெரும்பாலும் இல்லை. எழுதியவர் தென்காசியில் இருப்பார், அல்லது பெர்லினில். பிழைப்புக்கு வேறு வேலை, இரவு பத்து மணிக்கு மேல் இது. அதனால் டாக்குமெண்டேஷன் என்கிற உதவிப் பக்கங்கள்தான் அந்தக் கடையின் கல்லா. அங்கே ஆள் இல்லாவிட்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார், போனது நமக்குத் தெரியக்கூடச் செய்யாது.

2017-இல், நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் திறமூலப் பங்களிப்பாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், அரைகுறையான அல்லது காலாவதியான டாக்குமெண்டேஷனைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 93 சதவீதம். அதே கணக்கெடுப்பில், டாக்குமெண்டேஷனுக்கு அரிதாகவே எழுதுகிறோம் அல்லது எழுதுவதே இல்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் 60 சதவீதம். குழம்பில் உப்பில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், எழுந்து போய் எடுத்து வருவதற்குத்தான் ஆளில்லை.

சொதி வைக்க நாலு புத்தகம்

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இருக்கும். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, காய்கள், இஞ்சி, பச்சைமிளகாய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். இந்த ஒரு சொதியைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். டாக்குமெண்டேஷனில் இருக்கும் சிக்கல் பாதி இந்த நாலையும் பிரித்துப் பார்க்காததால் வருகிறது.

முதல் ஆள் இதுவரை அடுப்பே பற்ற வைத்திராத பேரன். ஆச்சி அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாள். "தேங்காயைத் துருவு. பிழி. இது மொதப் பாலு, தனியா எடுத்து வை. இப்போ தண்ணி ஊத்தி இன்னொரு தடவ பிழி." இந்தத் தேங்காயா அந்தத் தேங்காயா என்று அவனிடம் கேட்க மாட்டாள். ஏன் எதற்கு என்று விளக்கவும் மாட்டாள். கடைசியில் அவன் கையால் ஒரு சட்டிச் சொதி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் நோக்கம். இதுதான் பயிற்சிப் பாடம். இதை எழுதுகிறவர் படிக்கிறவருக்கு வழியில் எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது. 'நீங்கள் விரும்பினால் இப்படியும் செய்யலாம்' என்று ஒரு வரி வந்தாலும் பேரன் அடுப்படியை விட்டு ஓடிவிடுவான்.

இரண்டாவது ஆளுக்குச் சமைக்கத் தெரியும். நாளைக்கு நாற்பது பேர் வருகிறார்கள், எட்டுப் பேருக்கு வைக்கிற அளவை எப்படி ஏற்றுவது என்பது அவர் கேள்வி. அல்லது பால் திரிந்துவிட்டது, என்ன செய்யலாம்? அவருக்குத் தேங்காய் துருவச் சொல்லிக்கொடுத்தால் கோபம் வரும். கையில் ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு எழுதுவது செய்முறைக் குறிப்பு.

மூன்றாவது, மளிகைச் சாமான் பட்டியல். பருப்பு எவ்வளவு, தேங்காய் எத்தனை, எலுமிச்சை எத்தனை. இதில் கதை இருக்கக் கூடாது, விடுபடலும் இருக்கக் கூடாது. யாரும் இதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தேடி, ஒரு வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். மென்பொருளில் ஒவ்வொரு கட்டளையும் அமைப்பும் (செட்டிங்) என்ன செய்யும் என்று வரிசையாகச் சொல்லும் உசாத்துணைப் பகுதி (ரெஃபரன்ஸ்) இப்படிப்பட்டது. 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு முழுக்க இந்த வகைதான். தெரிந்தவருக்கு அது பொக்கிஷம். தெரியாதவர் திறந்தால் பூட்டிய வீட்டுச் சாவித்துவாரத்தில் எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும்.

நாலாவது ஆள் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தவர். முதல் பாலை ஏன் கடைசியில் ஊற்றுகிறோம், ஊற்றியதும் ஏன் கொதிக்க விடுவதில்லை? தேங்காய்ப்பாலில் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருப்பதற்கு அதிலுள்ள புரதமும் ஒரு காரணம். கொதி ஏறினால் புரதம் இறுகி இரண்டும் பிரிந்துவிடும், புளிப்பும் அதையே செய்யும். அதனால்தான் எலுமிச்சையை இறக்கி வைத்த பிறகு பிழிகிறோம். இது விளக்கம். அவசரத்தில் இருப்பவனுக்கு இது வேண்டாம், ஆனால் இது புரிந்தவன் சட்டியைப் பார்த்தே முடிவெடுப்பான்.

டாக்குமெண்டேஷனை இப்படி நாலாகப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு டயாடாக்சிஸ் என்று பெயர் வைத்து ஒழுங்குபடுத்தியவர் டானியேல் ப்ரோசிடா. உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் தன் ஆவணங்களை இந்த முறையில்தான் அடுக்குகிறது. பைத்தான் நிரல்மொழியின் தளத்தில் பயிற்சிப் பாடம், நிரல் நூலகத்துக்கான உசாத்துணை, செய்முறைக் குறிப்புகள் மூன்றும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் 'நிறுவுதல்' பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது நாலும் ஒரே சட்டியில் கிடந்தன. மூன்றாவது படியில் எந்தத் தரவுத்தளத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு வரலாறு, அதை முடிப்பதற்குள் இருபது வரி அமைப்புப் பட்டியல், நடுவே ஒரு பிழைச் செய்திக்குத் தீர்வு. பேரன் பால் பிழிந்துகொண்டிருக்கும்போது ஆச்சி தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தது போல. கதை நல்ல கதைதான், ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறதே.

ஒன்று சொல்ல வேண்டும். நாலு வகை என்றதும் மெனுவில் நாலு பொத்தான் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பொத்தானை அழுத்தினால் 'விரைவில்' என்று இருக்கும். வெறும் பாத்திரத்தை இலைக்கு முன்னால் வைப்பதை விட வைக்காமல் இருப்பது மரியாதை. நாலு வகை என்பது எழுதுகிறவர் மனதில் இருக்க வேண்டிய கணக்கு. தளத்தின் மெனு எப்படி இருக்க வேண்டும் என்பதை வருகிறவர்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பாயில் பரப்பிய சீட்டுகள்

கணினியில் ஆரம்பிக்காதீர்கள். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். எங்களுக்கு அறுபது சொச்சம் வந்தது. வீட்டில் பத்தமடைப் பாயை விரித்து அதில் பரப்பினோம். (கோரைப்பாயில் சீட்டு வழுக்காமல் நிற்கும் என்பது ஒரு தற்செயலான வசதி.) ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் மூன்றே குறிப்பு: யார் இதைத் தேடி வருவார், என்ன கேள்வியோடு வருவார், இதில் எழுதியிருப்பது இன்றைக்கும் உண்மையா. மூன்றாவது கேள்வியில்தான் எங்கள் முகம் செத்தது. இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லும் பக்கங்கள் இருந்தன. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாமல் அநாதையாகக் கிடந்த பக்கங்களும் இருந்தன.

பிறகு அந்தச் சீட்டுக் கட்டை மென்பொருளை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, எது எதோடு சேரும் என்று அடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் அவரையே பெயர் வைக்கவும் சொல்லுங்கள். அண்ணாச்சி ஜிஎஸ்டி சீட்டை 'பில்' அடுக்கில் வைத்தார். நாங்கள் அதை 'அமைப்புகள்' என்ற பிரிவுக்குள் நாலு படி கீழே புதைத்திருந்தோம். நிரலில் அது அங்கேதான் இருக்கிறது. கடையில் அது பில்லில்தான் இருக்கிறது. தளம் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது ஒரு சீட்டில் தெரிந்துவிட்டது.

அடுத்தது, ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்ப்பது. 'நேற்று வந்த 25 கிலோ அரிசி மூட்டையைக் கணக்கில் ஏற்றுங்கள்' என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு, நாம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். திருநெல்வேலிக்காரனுக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. கை தவறான இடத்துக்குப் போகும்போது, 'அதில்ல அண்ணாச்சி, இது' என்று நாக்கு நுனிவரை வரும். சொல்லிவிட்டால் அன்றைய சோதனை பாழ். எத்தனை பேரை வைத்துப் பார்க்கலாம் என்றால், பயன்பாட்டுச் சோதனைகளில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-இல் ஐந்து பேர் போதும் என்று எழுதினார். ஐந்து பேரிலேயே பெரும்பாலான இடறல்கள் வெளிவந்துவிடும். ஆறாவது ஆளும் அதே கல்லில்தான் இடறுவார். கடைக்காரர், நிரலர் என்று இரண்டு வகை ஆட்கள் வருகிற தளம் என்றால் இரண்டு வகையிலும் தனித்தனியாகச் சிலரைப் பார்க்க வேண்டும்.

சொல் இருக்கிறது, தேடினால் வரவில்லை

தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று சேமித்துப் பார்க்கும் வசதி இருந்தால், ஒரு முடிவும் கிடைக்காமல் போன சொற்களைத் தனியாக எடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான ஆலோசகர் கிடையாது. எங்கள் பட்டியலில் இருந்தவை: சிட்டை, பேரேடு, பற்று வரவு, பழைய பாக்கி, சில்லறை. ஒரு கடையின் முழு வாழ்க்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது, தளத்தில் இல்லை. பக்கத்தின் தலைப்பை 'சரக்கு வரவு (சிட்டை)' என்று மாற்ற ஒரு நிமிஷம்தான் ஆனது.

தமிழில் எழுதும் தளங்களுக்குக் கூடுதல் தலைவலி உண்டு. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் 'கோப்பு' என்று தேடுகிறார். பக்கத்தில் 'கோப்பில்', 'கோப்புகளை', 'கோப்பை' என்று இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் இவற்றில் சிலவற்றைத் தவறவிடும். சொல்லின் வாலை வெட்டி வேரை எடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. ஸ்னோபால் என்ற திறமூலத் தொகுப்பில் தமிழுக்கும் ஒன்று உண்டு. அதுவும் முழுத் தீர்வல்ல. 'கோப்பை' என்பது கோப்பா, தேநீர்க் கோப்பையா என்று பாவம் அதற்கு எப்படித் தெரியும்?

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை, கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு. எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டி 'கெளரவம்' என்று எழுதியிருந்தால் அதற்கு மருந்தில்லை. உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

பழைய இடத்தில் ஒரு கைகாட்டி

பக்கங்களை ஒழுங்குபடுத்தும்போது முகவரிகள் மாறும். புதுக்குகிறவர்கள் அதிகம் சொதப்பும் இடம் இதுதான், நாங்களும் சொதப்பினோம்.

நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டுவதற்காக மூடியிருந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்து பழைய ஞாபகத்தில் அங்கே நிற்பவரிடம் பக்கத்துக் கடைக்காரர் யாராவது, "இங்கன நிக்காது, அங்கன போங்க" என்று கைகாட்டிக்கொண்டே இருப்பார். இணையத்தில் அந்தக் கைகாட்டலுக்கு 301 என்று எண். 'இந்தப் பக்கம் நிரந்தரமாக இன்ன முகவரிக்குப் போய்விட்டது' என்று வழங்கி (தளம் இருக்கும் சர்வர்) சொல்ல, உலாவி (பிரவுசர்) தானாகவே அங்கே போய்விடும். தற்காலிக மாற்றத்துக்கு 302. கைகாட்ட ஆளே இல்லாவிட்டால் வருவது 404. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாது என்று 1998-லேயே எழுதிவைத்தார். மாறுவதற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, முன்யோசனை இல்லாமைதான் என்பது அவர் கட்சி.

பழைய முகவரி யாரிடமெல்லாம் இருக்கும்? தேடுபொறிகளில், யாரோ எழுதிய கட்டுரைகளில், காணொளிகளின் அடிக்குறிப்பில். நாங்கள் மறந்த இடம் ஒன்று உண்டு: மென்பொருளுக்குள்ளேயே. பிழை வந்தால் 'மேலும் அறிய' என்று ஒரு இணைப்பு காட்டும்படி நாங்களே எழுதியிருந்தோம். தளத்தை மாற்றிய அன்று, பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்த எல்லாக் கணினியிலும் அந்த இணைப்பு செத்தது. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

இன்னொரு நுணுக்கம். முகவரியின் கடைசியில் # குறிக்குப் பின் வரும் பகுதி, ஒரு நீளமான பக்கத்தின் நடுவில் குறிப்பிட்ட தலைப்புக்குக் கொண்டுபோகும். அந்தப் பகுதியை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே ஒரு பெரிய பக்கத்தை ஐந்தாக உடைத்தால் 301-ஐ வைத்து மட்டும் ஒவ்வொரு தலைப்பையும் அதனதன் புது இடத்துக்கு அனுப்ப முடியாது. பழைய பக்கத்தை அழிக்காமல், பழைய தலைப்புகளையும் அவற்றுக்குக் கீழே புது இணைப்புகளையும் மட்டும் விட்டுவைத்தால் போதும்.

பதிப்புகளையும் இதோடு யோசிக்க வேண்டும். அண்ணாச்சி கடையில் இருப்பது பழைய பதிப்பு, தளம் பேசுவது புதியதைப் பற்றி என்றால் இருவரும் சண்டைதான் போடுவார்கள். பைத்தான் டாக்குமெண்டேஷனில் முகவரியிலேயே 3.8, 3.12 என்று பதிப்பு எண் இருக்கும். சின்னத் திட்டங்களுக்கு அவ்வளவு வேண்டாம். பக்கத்தின் மேலே இது எந்தப் பதிப்புக்கு என்று ஒரு வரி இருந்தாலே பாதிச் சண்டை குறையும்.

கருவி, தோற்றம்

இப்படித் தளம் கட்ட எந்தக் கருவி நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ஸ்பிங்ஸ், எம்கேடாக்ஸ், ஹியூகோ, டோக்குசாரஸ் எதுவும் மோசமில்லை. பைத்தான் டாக்குமெண்டேஷனுக்காகப் பிறந்த ஸ்பிங்ஸ் 2008-இல் வெளிவந்தது. இன்றும் திடமாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மார்க்டவுன் போன்ற எளிய குறியீட்டில் எழுதிய வெறும் உரைக் கோப்புகளை எடுத்து இணையப் பக்கங்களாக மாற்றுவது. அந்தக் கோப்புகள் மூலநிரலோடு ஒரே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் இடம்) இருக்கட்டும். நிரலை மாற்றுகிறவர் அதே திருத்தத்தில் பக்கத்தையும் மாற்ற முடியும். மாற்றவில்லை என்றால் பார்க்கிறவர் கேட்க முடியும். உங்கள் குழுவில் மூன்று பேருக்கு ஏற்கெனவே தெரிந்த கருவி எதுவோ அதுவே நல்ல கருவி.

தோற்றத்துக்கு வந்தால், தமிழ் எழுத்துகள் அகலமானவை, மேலும் கீழும் குறிகள் உள்ளவை. ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டையை அப்படியே போட்டால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று இடிக்கும். வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும், மெனுப் பொத்தான்களுக்கு இடம் விட வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) சாதாரண உரைக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது பார்வைக் குறைவுள்ளவரும் படிக்க வசதியாக வகுத்த இணைய அணுகல் வழிகாட்டுதலின் (WCAG) கணக்கு. சித்திரை வெயிலில் கடை வாசலில் நின்று போனில் படித்துப் பார்த்தால் அந்தக் கணக்கு எதற்கு என்று புரியும். நாங்கள் ஆசையாகத் தேர்ந்தெடுத்த வெளிர்சாம்பல் எழுத்து அங்கே ஆவியாகிவிட்டது.

யார் செய்வது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நினைக்காதீர்கள். முதலில் புதிதாக வருகிறவர் பார்க்கும் பயிற்சிப் பாடம் ஒன்றை மட்டும் திருத்தி, ஐந்து பேரிடம் காட்டி, பிறகு அடுத்தது. திறமூலத் திட்டத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு: ஒவ்வொரு பக்கமும் யாரோ ஒருவர் தூக்கத்தை விட்டு எழுதியது. அதைத் தூக்கி எறிவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. என்ன மாற்றம், எதற்காக என்று முன்கூட்டியே எழுதி எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்தால், அங்கேயே நாலு நல்ல யோசனையும் வரும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இந்தப் பக்கத்தைத் திருத்து' என்று ஒரு இணைப்பு வையுங்கள். எங்களுக்கு அதன் வழியாக வந்த முதல் திருத்தம் ஒரு ஒற்றுப்பிழை. அதைத் திருத்தியவர் இப்போது செய்முறைக் குறிப்புகள் பகுதியையே பார்த்துக்கொள்கிறார்.

அண்ணாச்சிக்குச் சிட்டை கிடைத்துவிட்டது. இப்போது வேறொன்று கேட்கிறார். "ரெண்டு பேரு ஒரே சமயத்துல பில் போட்டா சரக்குக் கணக்கு தப்பாம எப்பிடிலே நிக்கி?" இது திண்ணைக் கேள்வி, விளக்கப் பகுதிக்கு உரியது. அதை எழுத வேண்டிய நண்பர் துபாயில் இருக்கிறார், பேசச் சொன்னால் அருவி மாதிரி கொட்டுவார், எழுதச் சொன்னால் ஓடிவிடுவார். வெள்ளிக்கிழமைதோறும் குரல் செய்தியாக அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இதுவரை மூன்று வந்திருக்கிறது. மூன்றாவதில் பாதிக்கு மேல் அவர் ஊர்க் கோயில் கொடை பற்றித்தான் பேசியிருக்கிறார்.